பத்து மணிக்கு மூடும் பூ

பூசணிப் பூ விடிய ஐந்தே முக்காலுக்கு விரியத் தொடங்கும். ஆறரைக்கு முழுதாக விரிந்திருக்கும். வெயில் ஏறினால் ஒன்பதரைக்கே சோரும், பத்துக்கு மூடிவிடும். மூடியது மறுபடி திறக்காது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம், பின்வளவில் வாளியொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்து பார்த்து எழுதியது.

அப்போது நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குப் பிரதேச நிருபர். அதற்கு முன் அதே பத்திரிகையில் சில வருடங்கள் ஒப்புநோக்குநராக இருந்தேன். பிழை தேடுவதுதான் வேலை. ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சந்தியில் இருந்த தொலைபேசிக் கடை திறக்கிற நாளில் நான் நிருபர். மூடியிருக்கிற நாளில் வீட்டுக்காரன். மூடியிருந்த நாட்களே அதிகம்.

வீடு மனைவியுடையது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். அடுத்த வளவு மனைவியின் அக்காவுடையது. அங்கே வந்து சேர்ந்தவர் என் சகலன். வாவிக்கும் கடலுக்கும் நடுவே, களுதாவளைக்குப் போகிற றோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, மணல் தரை. கிணற்றுத் தண்ணீரில் மிளகாயும் வெங்காயமும் விளையும். மிளகாய்க்கு எங்களிடம் கொச்சிக்காய் என்று பேர். சகலனின் கொச்சித் தோட்டம் எங்கள் பின்வேலியைத் தொட்டுக்கொண்டு இருந்தது. தோட்டத்தின் மற்ற எல்லையில் ஒழுங்கை, ஒடுங்கிய மண்பாதை. ஒழுங்கைக்கு அப்பால் இராணுவத்தின் சென்றி, காவலரண். தென்னங்குற்றிகளை அடுக்கி மண்மூட்டை வைத்துக் கட்டியது.

அந்தத் தை மாதம் மனைவியின் பெரியம்மா மகள் தோணியில் வாவியைக் கடந்து வந்து சேர்ந்தார். எனக்கு மச்சாள் முறை. கொக்கட்டிச்சோலைப் பக்கம். வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்போம், எங்களுடையது எழுவான்கரை. அந்த நாட்களில் மேற்கு இயக்கத்திடம், கிழக்கு இராணுவத்திடம். அங்கே ஷெல் விழத் தொடங்கியதும் புருசன் இவரை அனுப்பிவிட்டு, தோணியில் ஏற்ற முடியாத எருமைகளோடு தான் நின்றுவிட்டார். மச்சாள் கொண்டுவந்தது ஒரு பையும், முந்தானையில் முடிந்த பூசணி விதைகளும்.

எங்கள் குசினிக்குப் பின்னால் இருந்த கொட்டிலில்தான் மச்சாள் தங்கினார். முதல் இரவே எலி விதை முடிச்சைக் கண்டுபிடித்துவிட்டது. மிஞ்சியதில் நான்கு முளைத்தன.

"நாலு காணும்," என்றார். "அதில ஒரு காய் முத்தினாலே போதும் மச்சான். விதைக்கு வந்திரும்."

"சந்தையில இல்லாத பூசணியா?"

"சந்தைக் காய் வெறும் தண்ணி. இது சாம்பல் பூத்த பச்சை, வெட்டினா உள்ளுக்குக் குங்குமம். நாலு மாசம் பரணில கிடந்தாலும் கெடாது. இஞ்ச ஒருத்தரும் கண்டிருக்க மாட்டீங்க."

பங்குனியில் புருசனிடமிருந்து செய்தி வந்தது. அவர் நலம், எருமைகளும் நலம். எருமைகள் நலமாக இருந்ததற்குக் காரணம், ஊரில் மிச்சமிருந்த பூசணிக் கொடிகளைத் தின்றதுதான். அன்றிலிருந்து எங்கள் பின்வளவில் இருந்த நான்கு கொடிகள்தான் அந்தப் பூசணியின் முழு வம்சமும். மச்சாள் தண்ணீர் ஊற்றுவதை ஒரு தடவையிலிருந்து இரண்டு தடவை ஆக்கினார்.

கொடிகள் தாராளமாகப் படர்ந்தன. உடுப்புக் காயப்போடும் கம்பியில் ஏறின. கக்கூசுக்குப் போகிற வழியை மறித்தன. வைகாசியில் பூத்துக் குலுங்கின. பெண்பூவை அடையாளம் காண்பது சுலபம். பூவுக்கு அடியில் விளையாடுகிற போளை அளவில் ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். பூ மூடிய மூன்றாம் நாள் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி, நுனியில் அழுகி, தொட்டால் கையோடு வந்தது. ஒன்றல்ல, எல்லாமே.

கண்ணூறு என்று மனைவி சொல்லி, வேலியில் ஒரு பழைய செருப்பைக் கட்டினாள். உரம் போதாது என்று சகலன் சொன்னார். நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு குறிப்பெடுத்தேன். அந்தக் குறிப்பு இப்படிப் போனது: ஆறு பத்து, எறும்பு. ஆறு நாற்பது, இலையான் ஈ ஒன்று, இலையில் இருந்தது, பூவுக்குள் போகவில்லை. ஏழு ஐந்து, எறும்பு, முந்தியதாக இருக்கலாம். எட்டு மணி, ஒன்றும் இல்லை.

மச்சாள் பின்னால் வந்து நின்றார். "என்ன மச்சான், பூவோட பேட்டியா?"

"ஓம். வாய் திறக்குது. ஒண்டும் சொல்லுதில்ல."

"அதுக்கு ஆள் வரோணுமே. எங்கட பக்கம் இந்த நேரத்துக்குக் கருவண்டு பூவுக்குள்ள கிடந்து உருளும். மூஞ்சியெல்லாம் மஞ்சள் பூசி, கலியாண வீட்டுக்குப் போற மாதிரி. இஞ்ச என்னடாண்டா செத்த வீடு மாதிரிக் கிடக்கு."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அக்கரைக்கு உரம், பூச்சிமருந்து எதுவும் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போவது கஷ்டம். அங்கே கத்தரியைப் பூச்சி தின்றது, சனம் திட்டியது, கூடவே வண்டும் தேனீயும் இருந்தன. இக்கரையில் கடையில் மருந்து தாராளம். சகலன் ஒருநாள் விட்டு ஒருநாள், ஆறரையிலிருந்து ஒன்பது வரை, மருந்துத் தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு அடித்தார். பூ திறந்திருக்கும் நேரமும் அதுதான். போதாததற்கு, றோட்டோரப் பற்றைகளை எல்லாம் வெட்டச் சொல்லி உத்தரவு வந்து, தும்பையும் நாயுருவியும் ஆவரசும் போயிருந்தன. பட்ட மரங்கள் பங்கருக்குப் போயிருந்தன. மிச்சத்தை நாங்களே கூட்டித் துப்புரவாக வைத்திருந்தோம். ஒரு பூச்சி எங்கள் ஊரில் குடியிருக்க நினைத்தால் அதற்கு இடமும் இல்லை, சாப்பாடும் இல்லை.

தொலைபேசிக் கடை திறந்த அன்று இதையே ஒரு சின்னச் செய்தியாகச் சொன்னேன். மறுமுனையில் செய்தியாசிரியர் எழுதத் தயாரானார்.

"எத்தனை?"

"என்ன எத்தனை?"

"செத்தது."

"வண்டு, சேர்."

பேனையை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "தம்பி, வேற ஏதும் இரிந்தாச் சொல்லும்," என்றார்.

அடுத்த வாரம் வேறு இருந்தது. சுற்றிவளைப்பு. விடிய ஐந்து மணிக்கு ஒலிபெருக்கி, ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்றது. மூன்று நாள் தொடர்ந்து போய், வெயிலில் வரிசையாக இருந்துவிட்டுப் பின்னேரம் திரும்பினோம். சாக்கால் தலையை மூடிய ஒருவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடந்தோம், அவன் தலையாட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள். எங்கள் வரிசையில் எல்லோரும் வீடு வந்தோம். எல்லா வரிசையும் அப்படி இல்லை. என் பக்கத்தில் இருந்த சகலன் மூன்று நாளும் ஒரே கவலையில் இருந்தார். "இந்நேரம் கொச்சியில இலைப்பேன் ஏறியிரிக்கும் தம்பி."

மூன்றாம் நாள் பின்னேரம் படலையைத் திறக்கும்போதே மச்சாள் ஓடிவந்தார். "வந்திச்சு மச்சான்! காலம வளவுக்குள்ளயே வந்திச்சு!"

"ஆர்? ஆமியா?"

"ஆமி இல்ல, கருவண்டு! ஒண்டில்ல, ரெண்டு. பூ பூவாப் புகுந்து வந்திச்சு."

மனைவி பின்னால் நின்று தலையில் கை வைத்தாள். "இஞ்ச மனிசன் உசிரோட வந்திரிக்கார் எண்டு பார்க்கிறன். இந்த அக்கா வண்டுக் கணக்குச் சொல்லுறா."

மூன்று நாள் மருந்து நின்றது, வண்டு வந்தது. செய்தியாசிரியர் கேட்காவிட்டாலும் இது செய்திதான். மச்சாள் வண்டு புகுந்த பெண்பூக்களுக்கு எல்லாம் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார். ஐந்து பூ. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து பிஞ்சும் மஞ்சளாகி விழுந்தன.

அன்று மச்சாள் மத்தியானம் சாப்பிடவில்லை. கொடிகளின் அடியிலைகள் காயத் தொடங்கியிருந்தன. இனி வரப்போகும் பெண்பூ பத்துக்கு உள்ளேதான் இருக்கும். "எலி தின்டதையாவது அவருக்கிட்டயே விட்டுட்டு வந்திரிக்கலாம்," என்று மட்டும் சொன்னார். எருமை தின்றிருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குப் பதில் ஐந்தரைக்கே வாளியில் போய் உட்கார்ந்தேன். ஐந்தே முக்காலுக்கு, நான் வாரக்கணக்கில் எழுதிய குறிப்பில் ஒருதடவையும் வராத ஒரு உயிரினம் கொடிக்குள் வந்தது. என் மனைவி. கையில் ஓலைப்பெட்டி. நீளக் காம்புப் பூக்களாகப் பார்த்துச் சரசரவென்று கிள்ளிப் பெட்டியில் போட்டாள். நான் வந்து உட்காரும் ஆறு மணிக்குள் வேலை முடிந்துவிடும்.

"என்ன செய்யிறாய்?"

"வறைக்குப் பூ ஆயிறன். காய்க்கிற பூவில கை வைக்கல்ல. இது காய்க்காத பூ, சும்மா பூக்கிறது."

காய்க்காத பூ என்று அவள் சொன்னது ஆண்பூ. தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு அவள் செய்கிற பூசணிப்பூ வறை அருமையாக இருக்கும். வைகாசி தொடங்கியதிலிருந்து கிழமைக்கு ஐந்து நாள் அதைத்தான் சாப்பிட்டோம். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வண்டுகள் நிறைய இருந்த காலத்தில், அவள் கை படாமல் ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு ஆண்பூவே போதுமாக இருந்திருக்கும். இப்போது மூன்று நாளில் வந்த இரண்டு வண்டும் வெறும் வீட்டுக்கு வந்து போயிருந்தன. மகரந்தம் எங்கள் சோற்றில் இருந்தது. பிழை தேடிப் பழகிய நான் இரண்டாம் தடவையும் வறை கேட்டு வாங்கித் தின்றவன்.

மச்சாளிடம் சொன்னதும் ஓலைப்பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நானுந்தானே தின்டன் மச்சான். எங்கட ஊரில கொடி ஒரு ஏக்கருக்குக் கிடக்கும், ஆர் கிள்ளினாலும் தெரியாது. இஞ்ச நாலு கொடி எண்டதை மறந்து போனன்."

வறை நின்றது. அடுத்த பெண்பூவுக்கு ஆண்பூவைக் கொண்டு நானே கையால் பூசினேன். என் பெருவிரல் பூவின் நடுவை நசுக்கிவிட்டது. அதற்கடுத்ததை மச்சாள் செய்தார். கோழிக்குஞ்சைத் தொடுகிற மாதிரித் தொட்டு, பூசி, எழும்பி நிமிர்ந்தபோது வேலிக்கு அப்பாலிருந்து காற்று வீசியது. சகலன் அடித்த மருந்து புகைபோல வந்து பூவை நனைத்தது.

மச்சாள் அந்தப் பூவைப் பிடுங்கிக்கொண்டு நேரே வேலிக்குப் போனார்.

"மச்சான், இதை மணந்து பாருங்க."

சகலன் மூக்கருகே பிடித்து மணந்து பார்த்து முகத்தைச் சுழித்தார். "காத்துக்கு நான் என்ன செய்ய?"

"காத்துக்குச் சொல்லல்ல, உங்களுக்குத்தான் சொல்லுறன். இத பின்னேரம் அடிச்சா என்ன? பூ மூடியிரிக்கும், வண்டும் வீட்டுக்குப் போயிரும்."

"மச்சாள், உங்கட ஒரு பூசணிக்காக என்ட கொச்சித் தோட்டம் முழுக்கப் பேனுக்குக் குடுக்கச் சொல்லுறீங்களா?"

"அடிக்க வேணாமெண்டு ஆர் சொன்ன? நேரத்தை மாத்துங்க எண்டுதான் சொன்ன."

நான் என் குறிப்புக் கொப்பியைத் திறந்து நேரங்களை வாசிக்கத் தொடங்கினேன். சகலன் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, உங்களுக்கென்ன, பேனையில பேன் ஏறாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பின்னேரம் அடிக்கிறது நல்லதெண்டு எனக்கும் தெரியும். முதுகில தாங்கி, கையில நீளக் குழாய், வெயில் சாயிற நேரம் தோட்டத்துக்க ஒரு ஆள் குனிஞ்சு வாறான். அந்தச் சென்றியில இரிக்கிறவன் என்ன நினைப்பான்? போன வருசம் நினைச்சான்தானே."

போன வருடம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். சகலனைக் குப்புறப் படுக்கச் சொல்லி அரை மணித்தியாலம் வைத்திருந்தார்கள். தாங்கியின் மூடி கழன்று மருந்து முதுகில் வழிந்தது. ஒரு கிழமை அவருக்குச் சட்டை போட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் நல்ல வெளிச்சத்தில், காலையில் மட்டும் என்று முடிவெடுத்திருந்தார். வண்டுகளின் நேரம் அவருக்குத் தெரியாமல் போகவில்லை. சென்றியின் நேரம் அதைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

மச்சாள் பூவைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார்.

"தனிய நிக்கிற ஆம்பிளையைக் கண்டாத்தானே பயம்," என்றார். "நான் வாளியோட முன்னுக்குப் போய் நிக்கிறன். பொம்பிளையும் வாளியும் பக்கத்தில இரிந்தா நீங்க தோட்டக்காரன்தான்."

"எனக்கு என்ட பொஞ்சாதி இல்லையா, நீங்க வாறதுக்கு?"

"அவவா பூசணி கேட்டவ? நான்தானே."

அன்று பின்னேரம் நாலரைக்கு இருவரும் போனார்கள். முன்னால் மச்சாள், கையில் சிவப்பு நிற வாளி. பத்தடி பின்னால் சகலன், தன் கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளைச் சேர்ட்டில். நான் வேலியோரம் நின்றேன். என் சிங்களம் கொழும்பில் பழகியது, தேவைப்படும் என்று நினைத்தேன். சென்றியில் ஒரு தலை எழும்பியது.

"மொக்கத?" என்ன அது என்று அந்தத் தலை சிங்களத்தில் கேட்டது.

நான் வாய் திறக்கமுன் மச்சாள் எங்கள் கொடியைக் கையால் காட்டி, "வட்டக்கா! வட்டக்கா!" என்று கத்தினார். சிங்களத்தில் பூசணிக்குச் சொல்கிற பேர். தோணித்துறைச் சோதனையில் பையைக் கொட்டி ஒவ்வொன்றாகக் கேட்டபோது படித்த ஒரே சொல் என்று பிறகு சொன்னார். தலை சிரித்தது. துவக்கின் குழல் கீழே போனது. சகலன் கொச்சிக்கு மருந்தடித்தார். வெள்ளைச் சேர்ட் அன்றோடு முடிந்தது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வாளியோடு சும்மா நின்ற மச்சாள்தான் அதைக் கண்டார். சென்றியின் பக்கச் சுவரில் இருந்த தென்னங்குற்றிகளில் விரல் போகிற அளவு ஓட்டைகள். கருவண்டு ஒன்று வந்து அதில் ஒன்றுக்குள் புகுந்தது. கீழே மாப்போல மரத்தூள். ஊரில் பட்ட மரம் என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான், வண்டுகள் வேறெங்கே போகும்? சில ஓட்டைகளைக் கடதாசி வைத்து அடைத்திருந்தார்கள்.

இந்தத் தடவை என் சிங்களம் பயன்பட்டது. அந்தச் சிப்பாய்க்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது, வீட்டில் வயல் இருக்கிறதாம். தூள் பிளேன்டீக்குள் விழுகிறது என்று முறைப்பாடு சொன்னான். கோப்பையை மூடி வைக்கலாம், இந்த வண்டை அடைத்தால் பூசணி காய்க்காது என்றேன். மச்சாள் கையால் ஒரு பெரிய வட்டம் காட்டி, நடுவால் வெட்டி, ஒரு பாதியை அவன் பக்கம் தள்ளுவதுபோலச் செய்தார். அவன் கடதாசியைப் பிடுங்கி எறிந்தான்.

மிஞ்சியிருந்த பெண்பூக்களில் ஏழு பழுதில்லாமல் விரிந்தன. ஆண்பூவும் இருந்தது, மருந்து இல்லை, வண்டு வந்தது. இரண்டு பிஞ்சுகள் நின்றன. நின்ற பிஞ்சு விழுகிற பிஞ்சைப்போல மஞ்சளாவதில்லை. பச்சை கறுத்து, காம்பு தடித்து, நான்காம் நாள் தலையைக் குனியும். மச்சாள் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. பக்கத்தில் போய் இருந்து பார்த்துவிட்டு, எனக்கு வறை செய்துதரட்டுமா என்று கேட்டார். இனிமேல் பாதிப் பூவை விட்டுத்தான் பறிப்பது என்று மனைவியும் அவரும் பேசி வைத்திருந்தார்கள்.

ஒரு காயில் பாதி, சொன்னபடியே, ஆடி மாதம் சென்றிக்குப் போனது. மற்றப் பாதியைத் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தோம். உள்ளே குங்குமம்தான். இரண்டாவது காயை முற்றவிட்டு, நகம் இறங்காத பிறகு மச்சாள் வெட்டினார். விதைகளைக் கழுவி, சாம்பலில் பிரட்டி, எலிக்கு எட்டாமல் போத்தலில் போட்டார். மறுநாள் சகலன் வேலியோரம் வந்து கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்.

"விதையா மச்சான்?" என்று மச்சாளே கேட்டார்.

"இரிந்தா ரெண்டு தாங்களன்."

"அஞ்சு தாறன். காலம மருந்தடிக்கிற வளவில இது காய்க்காது, சொல்லிப்போட்டன்."

"எனக்குத் தெரியாதா மச்சாள்? சேர்ட்டையே பறிகுடுத்தவன் நான்."

தோணி மறுபடி ஓடத் தொடங்கிய கிழமை மச்சாள் போத்தலோடு அக்கரைக்குப் போனார். சோதனையில் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார்களாம். என்னதென்று கேட்டதும் அவர் தன் ஒரே சொல்லைச் சொன்னாராம்.

அடுத்த வருடம் சென்றியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மண்மூட்டை போன உடனே ஊர்ச் சனம் விறகுக்காகக் குற்றிகளின்மேல் விழுந்தது. சகலன் யாருக்கும் முந்திப் போய், ஓட்டை நிறைந்த குற்றிகள் இரண்டை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து வந்தார். சமையலுக்கு வெட்டித் தரும்படி மனைவியின் அக்கா கத்தியை எடுத்து வைத்தார். சகலன் கத்தியைத் தள்ளிவிட்டு, குற்றிகளை எங்கள் இரு வளவுக்கும் பொதுவான வேலியில், ஓட்டைகள் காலை வெயில் பார்க்கும்படி, நிமிர்த்தி நட்டார்.

"விறகில்லாம எப்பிடிச் சமைக்கிற?" என்றார் அக்கா.

"வேற பாப்பம். உள்ளுக்க ஆக்கள் இரிக்கி."